வீட்டில் வைத்திருப்பதற்கு எந்தத் துரிதப் பரிசோதனைக் கிட்டை வாங்கலாம்?

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறோம். எழுபது வயதைத் தாண்டிய அம்மா எங்களுடன் இருக்கிறார். அவருக்கு நீரிழிவும் நெடுநாளாக மூச்சு முட்டும் உண்டு. மகன் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாள் முதல் வீட்டில் தடிமனும் இருமலும் ஓய்ந்தபாடில்லை. அவனுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அம்மாவை அவனிடமிருந்து விலக்கி வைப்பதா, சாதாரணத் தடிமன்தானே என்று விட்டுவிடுவதா என்று தெரியாமல் தடுமாறுகிறோம்.

இதற்காக வீட்டில் செய்துபார்க்கக்கூடிய துரித அன்டிஜன் கிட் (வைரஸின் புரதத்தைத் தேடும் கிட்) சிலவற்றை வாங்கி வைக்கலாம் என்று எண்ணி, காலி வீதியில் உள்ள ஒரு பார்மசியில் விசாரித்தேன். கொவிட்டை மட்டும் பார்க்கும் கிட் ஒன்றையும், கொவிட், இன்புளுவென்சா ஏ, இன்புளுவென்சா பி, ஆர்.எஸ்.வி. (சுவாசத் தொற்றை உண்டாக்கும் இன்னொரு வைரஸ்) ஆகிய நான்கையும் ஒரே கசெட்டில், அதாவது பரிசோதனைப் பட்டை உள்ள ஒரே சிறு பிளாஸ்டிக் பெட்டியில், பார்க்கும் கிட் ஒன்றையும் காட்டினார்கள். இரண்டாவதன் விலை முதலாவதைவிடப் பல மடங்கு. அதன் பெட்டியில் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது, அப்படித்தான் எல்லாவற்றிலும் போட்டிருப்பார்கள், ஒன்றும் பார்க்கத் தேவையில்லை என்று விற்பனையாளர் சொன்னார். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை.

கூடுதல் விலை கொடுத்து நான்கையும் பார்ப்பதில் உண்மையான பயன் உண்டா? பெட்டியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இலண்டனிலிருந்து அக்கா இந்த மாத இறுதியில் வருகிறார். அவரைக் கொண்டுவரச் சொல்வது நல்லதா? அனுபவமும் துறை அறிவும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், தெஹிவளை

சகோதரி, விலைகளை ஒப்பிடுவதற்கு முன்னர் இந்தக் கசெட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

மூக்கிலிருந்து எடுத்த சளியைக் கரைசலில் கலந்து சொட்டுகளாக விட்டதும் அந்த நீர் உள்ளே இருக்கும் காகிதம் போன்ற பட்டை வழியே ஊர்ந்து செல்கிறது. வழியில், நுண்ணிய தங்கத் துகள்கள் அல்லது நிறமூட்டிய துகள்கள் ஒட்டப்பட்ட பிறபொருளெதிரிகளை (வைரஸின் புரதத்தைப் பற்றிப் பிடிக்கும் பொருட்களை) அது கரைத்து எடுத்துக்கொள்கிறது. மாதிரியில் வைரஸின் புரதம் இருந்தால் அது அந்தத் துகள்களுடன் சேர்ந்து சென்று ரி என்ற கோட்டில் பிடிபடுகிறது. கோடு நிறமாகத் தெரிகிறது. சி என்ற கோடு வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரிய வேண்டியது. இங்கேதான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். சி கோடு தெரிந்தால் நீர் ஒழுங்காக ஓடியது, பட்டை வேலை செய்தது என்று மட்டுமே பொருள்; மூக்கிலிருந்து போதிய சளி எடுக்கப்பட்டதா என்பதைப் பெரும்பாலான கிட்களில் அந்தக் கோடு சொல்லாது. பஞ்சுக்குச்சியை மூக்கில் வைக்காமலே கரைசலை மட்டும் விட்டாலும் சி கோடு அழகாக வரும்.

பி.சி.ஆர். பரிசோதனையில் வைரஸின் மரபுப்பொருள் பல மடங்காகப் பெருக்கப்பட்ட பின்னரே தேடப்படுகிறது. அன்டிஜன் கசெட்டில் அப்படிப் பெருக்குதல் எதுவும் இல்லாததால், மூக்கில் வைரஸ் நிறைய இருக்கும் நாட்களில் மட்டுமே அது நம்பகமாகக் காட்டும். கொவிட் அன்டிஜன் பரிசோதனைகளைப் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளைத் திறனாய்வு செய்யும் கொக்ரேன் அமைப்பு 2022 இல் வெளியிட்ட திறனாய்வின்படி, அறிகுறி உள்ள தொற்றாளர்களில் சராசரியாக 73 சதவீதமானோரையும், அறிகுறி இல்லாத தொற்றாளர்களில் ஏறக்குறைய 55 சதவீதமானோரையும் மட்டுமே அவை கண்டுபிடித்தன. அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் அது 81 சதவீதம் அளவில் இருந்தது. இரண்டாம் வாரத்தில் 54 சதவீதமாக இறங்கியது. இன்புளுவென்சாவுக்கான பழைய தலைமுறைத் துரிதப் பரிசோதனைகளில் நிலைமை இன்னும் மோசம்: 2012 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் அது 62 சதவீதம் மட்டுமே. அதாவது இன்புளுவென்சா உள்ள நூறு பேரைச் சோதித்தால் 38 பேருக்கு இல்லை என்று வரும். மறுபக்கத்தில், இவை பொய்யாக ஆம் என்று சொல்வது அரிது. 98 சதவீதத்துக்கு மேற்பட்ட தொற்றில்லாதவர்களுக்கு இவை சரியாகவே இல்லை என்கின்றன. ஆகவே அறிகுறி உள்ள ஒருவருக்கு இரண்டாவது கோடு வந்தால் நம்புங்கள். வராவிட்டால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் செய்கிறோம் என்பது எந்த வர்த்தகப் பெயரை வாங்குகிறோம் என்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து. 2023 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே தடுப்பூசியோ தொற்றோ பெற்றிருந்த மக்களில் கொவிட் வைரஸின் அளவு அறிகுறி தொடங்கி நான்காம் நாள் அளவில்தான் உச்சத்தை அடைந்தது; இன்புளுவென்சா ஏ வைரஸோ அறிகுறி தொடங்கிய உடனேயே உச்சத்துக்கு வந்துவிட்டது. முதல் நாள் செய்துபார்த்து கொவிட் இல்லை என்று ஆறுதலடைந்த பலர் மூன்றாம், நான்காம் நாளில் இரண்டு கோடுகளைக் காண்பதற்கு இதுவே காரணம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2022 முதல், அறிகுறி உள்ளவர்கள் முதற் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் 48 மணித்தியாலங்கள் கழித்து மீண்டும் செய்ய வேண்டும் என்றும், அறிகுறி இல்லாதவர்கள் அதே இடைவெளியில் மூன்று முறை செய்ய வேண்டும் என்றும் சொல்லி வருகிறது.

ஆகவே என் ஆலோசனை இதுதான். கூட்டுக் கிட் இரண்டையும் கொவிட் மட்டும் பார்க்கும் மலிவான கிட் சிலவற்றையும் வைத்திருங்கள். காய்ச்சல் தொடங்கிய முதலிரு நாட்களில் கூட்டுக் கிட்டைப் பயன்படுத்துங்கள், ஏனென்றால் இன்புளுவென்சா தெரிய வேண்டிய காலம் அது. இல்லை என்று வந்தால், மீண்டும் விலைகூடிய கிட்டைத் திறக்காமல், இரண்டு நாள் கழித்து கொவிட் கிட் ஒன்றால் பாருங்கள். ஆர்.எஸ்.வி. கோட்டுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். சிறு குழந்தைகளில் அந்த வைரஸ் மூக்கில் மிகுதியாக இருப்பதால் அன்டிஜன் பரிசோதனை அதை ஓரளவு நன்றாகப் பிடிக்கும். பெரியவர்களில் வைரஸின் அளவு குறைவு என்பதால் பெரும்பாலானோரைத் தவறவிடும். உங்கள் அம்மாவுக்கு ஆர்.எஸ்.வி. இல்லை என்று ஒரு கசெட் சொல்வதற்கு நான் பெரிதாக மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

பதில் 2: மருந்தாளர், கொட்டாஞ்சேனை

முதலாவது பதில் எழுதியவர் சொன்னவற்றுடன் நான் உடன்படுகிறேன். பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொழில்முறைப் பயன்பாட்டுக்கு என்ற வாசகம் வெறும் அலங்காரம் அன்று. அத்தகைய கிட்களில் பல, மூக்கின் பின்புறம் தொண்டை வரை செல்லும் மெல்லிய நீண்ட குச்சியால் மாதிரி எடுப்பதை எண்ணி வடிவமைக்கப்பட்டவை; அவற்றின் துல்லியமும் அப்படி எடுத்த மாதிரிகளைக் கொண்டே அளக்கப்பட்டது. சுயபரிசோதனைக் கிட்டில் வருவதோ பருத்த தலையுள்ள குட்டைக் குச்சி. மூக்குத் துவாரத்துக்குள் ஏறக்குறைய இரண்டு சென்டிமீற்றர் மட்டும் விட்டு இரு பக்கங்களிலும் சுழற்றினால் போதும். முன்பள்ளிப் பிள்ளையின் மூக்கில் அந்த நீண்ட குச்சியை வீட்டில் விட்டுப் பார்க்கும் யோசனையை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஐரோப்பியச் சந்தைக்கான கிட் என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. சுயபரிசோதனைக் கருவிகளை ஐரோப்பாவில் ஒரு வெளி மதிப்பீட்டு நிறுவனம் பரிசீலித்துச் சான்றளிக்க வேண்டும் என்பதால், சி.ஈ. குறியீட்டுக்கு (ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியது என்பதைக் காட்டும் குறி) பக்கத்தில் அந்த நிறுவனத்தின் நான்கு இலக்க எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் இல்லாமல் வெறும் சி.ஈ. மட்டும் இருந்தால் அது வீட்டுப் பாவனைக்கென்று சான்று பெற்ற பொருள் அல்ல. இலங்கையில் மருத்துவச் சாதனங்கள் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவு பெற வேண்டியவை. இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் பதிவைப் பற்றி விற்பவரிடம் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் வாங்காமல் விடுவது உங்கள் உரிமை.

எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது உதிரி விற்பனை. தொழில்முறைக் கிட்கள் பெரும்பாலும் 25 கசெட் கொண்ட பெட்டியாக வரும். அவற்றில் சில வகைகளில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கரைசல் போத்தல்தான் இருக்கும். அதை உடைத்து, ஒரு கசெட்டையும் ஒரு குச்சியையும் சிறு பையில் போட்டு, கரைசலை வேறு குழாயில் ஊற்றி, அறிவுறுத்தல் தாள் இல்லாமல் தருகிறார்கள். எத்தனை சொட்டு விட வேண்டும், எத்தனை நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்பவை கிட்டுக்குக் கிட் வேறுபடும்; நான்கு வைரஸ்களையும் பார்க்கும் கசெட் சிலவற்றில் இரண்டு, மூன்று குழிகள் இருந்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சொட்டு விட வேண்டியும் இருக்கும். தாள் இல்லாத கிட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் கரைசலை இன்னொன்றின் கசெட்டில் விடுவதும் கூடாது.

மணற்கடிகாரப் படத்துக்குப் பக்கத்தில் காலாவதித் திகதியும், வெப்பமானிப் படத்துக்குப் பக்கத்தில் சேமிப்பு வெப்பநிலையும் இருக்கும். அநேகமானவற்றில் 2 முதல் 30 பாகை செல்சியஸ் வரை என்றே போட்டிருக்கும். கொழும்பில் குளிரூட்டி இல்லாத அறை ஏப்ரல் மாதத்தில் நண்பகலில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். வெயிலில் நிறுத்திய வாகனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு விடயங்கள். எங்கள் வீடு பிற்பகலில் மேற்கு வெயிலில் காயும் மூன்றாம் மாடி. கிட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? தம்பியின் எட்டு மாதக் குழந்தையும் வார இறுதிகளில் இங்கே வருகிறது. அதற்கும் இதே கிட்டால் செய்யலாமா?

பதில் 3: குடும்ப வைத்தியர், பம்பலப்பிட்டி

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. பயன்படுத்துவதற்கு அரை மணித்தியாலம் முன்னரே வெளியே எடுத்து, உறையைப் பிரிக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். குளிர்ந்த கசெட்டை உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் பட்டையில் படியும்.

குழந்தையைப் பொறுத்தவரை, சுயபரிசோதனைக் கிட்கள் பலவற்றின் தாளில் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே இருக்கும். அதைவிட முக்கியமானது, எட்டு மாதக் குழந்தையின் நிலைமையைத் தீர்மானிப்பது கோடு அன்று, மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையான குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால், அல்லது விலா எலும்புகளின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டால், அல்லது பால் குடிக்க மறுத்தால், கிட்டைத் தேடாமல் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லுங்கள். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை அந்த எண் 40. கைப்பேசியில் நேரத்தை வைத்து முழு நிமிடமும் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, சிறு குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை.

இப்போது இந்த உரையாடலில் இதுவரை யாரும் தொடாத ஒன்றுக்கு வருகிறேன். கொழும்பில் காய்ச்சலுக்கான கேள்விகளில் முதலாவது டெங்கு. நம் நாட்டில் இன்புளுவென்சா ஆண்டின் நடுப்பகுதியிலும் ஆண்டிறுதியை ஒட்டியும் கூடும். டெங்குவும் பருவமழைகளைத் தொடர்ந்து அதே காலங்களில்தான் தலைதூக்கும். மூக்குப் பரிசோதனை நான்கு வைரஸ்களுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் பலர் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தக் கசெட் டெங்குவைப் பார்க்கவே இல்லை. மூக்கு ஒழுகலோ இருமலோ இல்லாமல் கடும் காய்ச்சலும் தலைவலியும் உடல்நோவும் இருந்தால் என் சந்தேகம் இன்னும் கூடும். இன்புளுவென்சா ஆம் என்று வந்திருந்தாலும் டெங்கு முற்றாக விலக்கப்பட்டதாகாது. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஆகவே காய்ச்சல் மூன்றாம் நாளாகத் தொடர்ந்தால் கசெட் எதைச் சொன்னாலும் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெண்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் குறைந்துகொண்டு போகின்றனவா என்பது அதில் தெரியும். உங்கள் அம்மாவைப் போன்ற முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த மூன்றாம் நாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. முதல் நாட்களில் டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை உதவும், ஆனால் அதுவும் அன்டிஜன் பரிசோதனைதான். இல்லை என்று வந்தால் டெங்கு இல்லை என்று பொருளாகாது. டெங்கு இல்லையென்று உறுதியாகும் வரை பரசிற்றமோலை மட்டுமே கொடுங்கள். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அசிட் போன்ற வலிநிவாரணிகளைப் பக்கத்து வீட்டார் எவ்வளவு பரிந்துரைத்தாலும் கொடுக்காதீர்கள். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் டெங்குவின் ஆபத்தான கட்டம் தொடங்கும் என்பதால், காய்ச்சல் இறங்கியதும் கவனிப்பை விட்டுவிடவும் கூடாது.

அப்படியானால் மூக்குப் பரிசோதனையால் என்ன பயன் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை பயன் உண்டு, அம்மா இருப்பதால். அவருக்கு இன்புளுவென்சா தொற்றினால் ஒசெல்டமிவிர் என்ற மருந்து அறிகுறி தொடங்கி 48 மணித்தியாலங்களுக்குள் தொடங்கும்போதே கூடுதலான நன்மையைத் தரும். கொவிட்டுக்கான வாய்வழி மருந்துகளை ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். வீட்டில் மகனுக்கு இன்புளுவென்சா ஆம் என்று தெரிந்திருந்து, அடுத்த நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால், அந்தத் தகவல் ஒன்றே வைத்தியரை விரைவாக முடிவெடுக்க வைக்கும். அவருடைய கசெட்டில் இல்லை என்று வந்தாலும் அவரை அழைத்துவாருங்கள். இத்தகைய நோயாளிகளுக்கு நாங்கள் முடிவுக்காகக் காத்திராமலே மருந்தைத் தொடங்குவதும் உண்டு. மகனுக்கு எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்வதால் அவனுடைய சிகிச்சை பெரும்பாலும் மாறாது. எதுவானாலும் நன்றாக நீர் குடிக்க வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும், வைரஸுக்கு அன்டிபயோட்டிக் கேட்டு யாரையும் வற்புறுத்தக் கூடாது. அவனுக்குத் தடிமன் என்றால் முடிவு எதுவானாலும் அம்மாவை வேறு அறையில் படுக்க வையுங்கள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அருகில் போகும்போது முகக்கவசம் அணியுங்கள். இதற்கு இரண்டாவது கோடு தேவையில்லை. அம்மாவுக்கு ஆண்டுதோறும் இன்புளுவென்சா தடுப்பூசி போடுவதைப் பற்றியும் அவருடைய வைத்தியரிடம் கேளுங்கள். கிட்டுக்குச் செலவிடும் பணத்தில் முதற்பங்கை அதற்கே ஒதுக்குவேன்.

மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

பதில் 4: இலண்டன், ஹரோ

அக்கா கொண்டுவருவது பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கு கொவிட், இன்புளுவென்சா, ஆர்.எஸ்.வி. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் சுயபரிசோதனைக் கிட்கள் பார்மசிகளில் கிடைக்கின்றன. அறிவுறுத்தல் தாளும் முறையாக இருக்கும். ஆனால் புதிதாக வாங்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பொதுமக்களுக்கான இலவச கொவிட் கிட் விநியோகம் 2022 ஏப்ரல் 1 ஆம் திகதியுடன் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கின்றன, சும்மா கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வருவார்கள். அவை காலாவதியானவை. குளிர்காலத்தில் பொதியாக அனுப்பினால் வழியில் கரைசல் உறைந்துபோகலாம் என்பதால் கைப்பையில் கொண்டுவருவதே நல்லது. குழாயில் இருக்கும் நீர் மிகச் சொற்பம், விமானத்துக்கான திரவக் கட்டுப்பாட்டில் அது ஒரு பிரச்சினையாகாது.

வெள்ளவத்தை வாசகி

அக்காவிடம் கூட்டுக் கிட் இரண்டைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். கொவிட் கிட்களை நான்கு இலக்க எண்ணைப் பார்த்து இங்கேயே வாங்குகிறேன். மிக மங்கலான கோடு வந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில் 5: ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், தெஹிவளை

தாளில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம் வரை, நிறத்துடன் தெரிந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ஆம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகு தோன்றும் சாம்பல் நிறக் கீற்று பட்டை காய்வதால் வருவது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கைப்பேசியில் நேரத்தை வைத்துவிட்டு, முடிவு நேரத்தில் கசெட்டை ஒரு படம் எடுத்து வையுங்கள். வைத்தியரிடம் போகும்போது அதைக் காட்டலாம். கூட்டுக் கசெட்டில் எந்தக் கோடு எந்த வைரஸுக்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் மாறும் என்பதால் தாளையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பது நல்லது. சி கோடு வராவிட்டால் மற்றக் கோடுகள் எப்படித் தெரிந்தாலும் அந்தக் கசெட் செல்லாது. புதியதொன்றால், புதிய குச்சியுடன், மீண்டும் செய்ய வேண்டும்.